பிடித்த பணம்

நான் வலதுசாரி. அதை மறைத்ததில்லை, அதற்காக வெட்கப்பட்டதும் இல்லை. 1959இல் ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கியபோது அதில் சேர்ந்தவர் என் அப்பா. லைசென்ஸ், பர்மிட், கோட்டா எல்லாம் எங்கள் வீட்டில் வசைச்சொற்கள். கோவையில் சிறு ஆலைகளுக்குக் கணக்கும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. ரிட்டர்ன்களும் பார்ப்பது என் பிழைப்பு. தொழில் நடத்துகிறவர்கள் படிக்கும் ஒரு மாத இதழில் அரசியல், தொழில், தொழிற்சங்கச் செய்திகளைப் பற்றிப் பத்தி எழுதுவது அதைவிட எனக்குப் பிடித்த வேலை. உழைத்துச் சேர்த்த சொத்து உழைத்தவனுடையது, போட்ட ஒப்பந்தம் காப்பாற்றப்பட வேண்டும், சட்டம் எல்லாருக்கும் ஒன்று என்று அதில் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறேன். இன்றும் அதையே நம்புகிறேன். அணி மாறிவிட்டேன் என்று அறிவிக்க இதை எழுதவில்லை. நம்பியதற்கு விரோதமாக நடந்துகொண்டேன், அதை எழுதியாக வேண்டும்.

நடந்தது இதுதான். நான் கணக்குப் பார்த்த ஒரு வார்ப்பட ஆலையில், தொழிலாளர் சம்பளத்தில் பிடித்த வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) பணம் மாதக்கணக்கில் கட்டப்படவில்லை. அது எனக்குத் தெரியும். அதைப் பற்றிக் கேட்டு வந்த தொழிலாளியிடம் பொய் சொன்னேன். பிறகு அந்த ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு கேட்டில் உட்கார்ந்தபோது அவர்களைக் கண்டித்துப் பத்தி எழுதினேன். கட்டாத பணத்தைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

கணக்குத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய் வாங்குகிறவரிடம் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய், பி.எஃப். என்று பிடிப்பார்கள். முதலாளி தன் பங்காக இன்னொரு 1,800 போட வேண்டும். அதில் 1,250 ஓய்வூதியக் கணக்குக்குப் போகும். மாதம் முடிந்து 15ஆம் தேதிக்குள் இரண்டையும் கட்டிவிட வேண்டும். ரிட்டர்னை இணையத்தில் ஏற்றுவதும் சலான் எடுப்பதும் என் வேலை. பணம் கட்டுவது ஆலையின் வேலை. மாதாமாதம் சலான் எடுத்துக் கொடுத்தேன். "அடுத்த மாசம் சேத்துக் கட்டிறலாங்க" என்றார் ஆலை உரிமையாளர். அடுத்த மாதமும் அதையே சொன்னார். ஆனால் தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. மட்டும் தேதி தவறாமல் கட்டப்பட்டது. அதற்குக் காரணம் இருந்தது. இ.எஸ்.ஐ. கட்டாவிட்டால் சிங்காநல்லூர் ஆஸ்பத்திரியில் யாராவது ஒருவரைத் திருப்பி அனுப்பிய அன்றே விஷயம் வெளியே வந்துவிடும். பி.எஃப். அப்படியல்ல. கல்யாணம், சாவு, ஓய்வு என்று ஏதாவது வரும்வரை யாரும் பார்க்க மாட்டார்கள். எது உடனே வெளியே தெரியுமோ அதைக் கட்டினார்கள். இந்தக் கணக்கும் எனக்குப் புரிந்தே இருந்தது.

அந்த உரிமையாளர் கெட்டவர் இல்லை. என் நண்பர். பம்ப் செட்டுக்கும் வால்வுக்கும் வார்ப்பு போட்டுக் கொடுப்பவர். சரக்கை வாங்கிய பெரிய கம்பெனிகள் பில்லைத் தேதிக்குப் பாஸ் பண்ணாமல் இழுத்தடித்தன. கச்சா இரும்பு விலை ஏறியது, மின்கட்டணம் ஏறியது. அவருடைய கஷ்டம் உண்மையான கஷ்டம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவருக்காக நான் எழுதவும் செய்தேன். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி வாங்கிய சரக்குக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரலில் வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவும் சேர்ந்துகொண்டது. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவும் ஆண்டும் தாண்டிப் பணம் தந்தால், தந்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். அப்போது நான் எழுதிய பத்தியைக் கோவைத் தொழில் வட்டாரத்தில் பலர் கத்தரித்து வைத்துக்கொண்டார்கள். அடுத்தவன் பணத்தை வைத்துக்கொண்டு தொழில் நடத்துவது திருட்டு என்று எழுதியிருந்தேன். ஒரு சங்கக் கூட்டத்தில் அதற்காகப் பொன்னாடையும் போர்த்தினார்கள்.

அந்தப் பத்தியை எழுதிய அதே மேசையில்தான் கட்டப்படாத பி.எஃப். சலான்கள் இருந்தன. பெரிய கம்பெனி என் நண்பரின் பணத்தை வைத்துக்கொண்டால் அது திருட்டு. என் நண்பர் தொழிலாளியின் பணத்தை வைத்துக்கொண்டால் அது நெருக்கடி.

இதைச் சட்டம் தெரியாமல் செய்தேன் என்று சொல்லவும் வழியில்லை. 2022 அக்டோபரில் செக்மேட் சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தொழிலாளியிடம் பிடித்த பங்கு முதலாளியின் பணமே இல்லை, அவர் அதை நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கிறார், கெடு தாண்டிக் கட்டினால் வருமான வரியில் கழிக்க முடியாது என்பது அதன் சாரம். அந்தத் தீர்ப்பை விளக்கி ஒரு பத்தி முழுக்க எழுதியவன் நான். வரிச்சலுகை போய்விடும், எச்சரிக்கையாக இருங்கள் என்று முதலாளிகளுக்கு யோசனை சொன்னேன். அந்தப் பணம் யாருடையது என்று நீதிபதிகள் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்த இடத்தை வரிக்கணக்காக மட்டும் படித்தேன். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது நம்பிக்கை மோசடி என்று பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 405ஆம் பிரிவுக்கான விளக்கமே சொல்கிறது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 316ஆம் பிரிவு. கோயில் நிலத்தையும் உண்டியல் பணத்தையும் தின்றவர்களைப் பற்றி நான் எழுதாத சாபம் இல்லை. இதுவும் அதே போலக் காப்பாற்றக் கொடுத்து வைத்த பணம்தான்.

என்னைத் தேடி வந்தவர் அந்த ஆலையில் மோல்டர், வார்ப்புக்கு மணல் அச்சு செய்பவர். ஞாயிற்றுக்கிழமை வந்தார், மற்ற நாளில் வந்தால் அரை நாள் சம்பளம் போய்விடும். கணினி மையத்தில் கொடுத்து பி.எஃப். பாஸ்புக்கை அச்செடுத்து, ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் மடித்துக் கொண்டுவந்திருந்தார். கருமணல் ஏறிய விரலால் ஒவ்வொரு மாதமாகத் தொட்டுக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிறுத்தினார். அதற்குக் கீழே காலி.

"ஏனுங் சார், மாசாமாசம் புடிக்கறாங்க. இதுல ஏறவே இல்லீங்களே. எனக்கு 58 ஆகப் போகுதுங்க. பென்ஷனுக்குப் பத்து வருசம் வேணும்னு சொன்னாங்க."

அவர் கேட்டதன் முழு அர்த்தமும் எனக்குத் தெரியும். அவர் தன் வேலைக்காலத்தில் பெரும்பாலும் காண்ட்ராக்ட் ஆளாக, பி.எஃப். இல்லாமலே வேலை பார்த்தவர். நிரந்தரமாகி, கணக்குத் தொடங்கியது வயதான பிறகு. ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டுச் சேவை வேண்டும். ஆறு மாதம் தாண்டினால் ஒரு ஆண்டாகக் கூட்டிக்கொள்வார்கள், ஆக ஒன்பதரை ஆண்டு இருந்தாலே போதும். காலியாகக் கிடந்த மாதங்களைச் சேர்த்தால் அவர் கரையேறிவிடுவார். சேர்க்காவிட்டால் கையில் ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், மாத ஓய்வூதியம் கிடையாது. சராசரிச் சம்பளம் 15,000 என்று வைத்து, பத்தால் பெருக்கி, 70ஆல் வகுத்தால் மாதம் 2,143 ரூபாய். அவர் காலத்துக்குப் பிறகு மனைவிக்கு அதில் பாதி. பெரிய பணம் இல்லை என்று எனக்குத் தோன்றலாம். அந்த வீட்டுக்கு மாதம் தவறாமல் வரும் ஒரே வருமானம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

"சர்வர் மாத்திட்டிருக்காங்க. கொஞ்ச நாள்ல ஏறிடும், கவலப்படாதீங்க" என்றேன்.

"நீங்க சொன்னாச் சரிங் சார்" என்று சொல்லிவிட்டு, காகிதத்தை அதே மடிப்பில் மடித்து உள்ளே வைத்துக்கொண்டு போனார்.

நான் யோசித்துச் சொன்ன பொய் அது. வாடிக்கையாளர் ரகசியத்தை வெளியிடக் கூடாது என்று பிற்பாடு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ரகசியம் காப்பதற்கு "எனக்குத் தெரியாது, அலுவலகத்தில் கேளுங்கள்" என்பதே போதும். அப்படிச் சொல்லியிருந்தால் அவர் நேரே பாலசுந்தரம் சாலை பி.எஃப். அலுவலகத்துக்குப் போயிருப்பார். போகக் கூடாது என்பதற்காகத்தான் சர்வரைச் சொன்னேன்.

2024 செப்டம்பர் வந்தது. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 9ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஃபிரிட்ஜ், டி.வி., வாஷிங் மெஷின் செய்யும் ஆலை. சி.ஐ.டி.யு. தலைமையிலான சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது முதல் கோரிக்கை. 37 நாள் நீடித்தது. மூன்று அமைச்சர்கள் பேச்சுவார்த்தை நடத்தினார்கள். கோவையில் எங்கள் வட்டாரத்தில் எல்லாருக்கும் அதே பேச்சு. வியட்நாமுக்குப் போய்விடுவார்கள், முதலீடு ஓடிவிடும் என்று பேசிக்கொண்டோம். அந்தச் சூட்டில் இங்கே என் நண்பரின் ஆலையிலும் ஆட்கள் கேட்டில் உட்கார்ந்தார்கள். பாஸ்புக்கில் காலி இடத்தைப் பார்த்தவர் ஒருவர் மட்டும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு சங்கம் கொடி நட்டது.

நான் இரண்டையும் முடிச்சுப் போட்டு எழுதினேன். ஆலையின் பெயரைச் சொல்லாமல், எங்கள் ஊரிலும் செங்கொடி கேட்டுக்கு வந்துவிட்டது, முன்னறிவிப்புக்கூடத் தராமல் சட்டவிரோதமாக உற்பத்தியை நிறுத்துகிறார்கள் என்று எழுதினேன். அந்த வாக்கியத்திலும் ஒரு புரட்டு இருந்தது. அப்போது நடப்பில் இருந்தது 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம். அதில் பொதுப் பயன்பாட்டுச் சேவை என்று அறிவித்த இடங்களுக்குத்தான் முன்னறிவிப்பு கட்டாயம். இந்த ஆலை அதில் வரவில்லை. எல்லாத் தொழிலுக்கும் 14 நாள் நோட்டீஸ் என்பது தொழில் உறவுகள் தொகுப்பில் வந்த புது விதி, அது 2025 நவம்பர் 21 வரை நடைமுறைக்கே வரவில்லை. தொழிலாளர் சட்டத்தை வைத்துப் பிழைப்பவன் நான், இது தெரியாமல் இருக்குமா? "சட்டவிரோதம்" என்ற சொல் வேகமாக இருந்தது, போட்டுவிட்டேன்.

சாம்சங் விஷயத்திலும் நான் பாதியைத்தான் எழுதினேன். வெளியாள் தலைமை வேண்டாம், ஆலைக்குள் வேலை செய்பவர்களே பேசட்டும் என்பது என் கருத்து, அது மாறவில்லை. ஆனால் அந்தச் சங்கம் 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின்படி பதிவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தது. நிறுவனம் தன் பெயரைச் சங்கத்தில் வைக்கக் கூடாது என்று ஆட்சேபித்தது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. ஒரு தொழில்முனைவோர் லைசென்ஸ் கேட்டு விண்ணப்பித்து இப்படி மாதக்கணக்கில் காத்திருந்தால் நான் என்ன எழுதியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். அப்பாவிடம் கற்ற வசைகள் அத்தனையும் அதிலே வந்திருக்கும். விண்ணப்பித்தவர் தொழிலாளி என்பதால் அரசு அலுவலகத்தின் தாமதம் என் கண்ணில் படவில்லை.

ஏன் இப்படிச் செய்தேன் என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன். கட்டணம் ஒரு காரணம், அந்த ஆலை எனக்கு மாதாமாதம் பணம் தந்தது. நட்பு இன்னொன்று. ஆனால் இவற்றைவிடப் பெரிய காரணம் வேறு. நம் பக்கத்துக்குக் கெட்ட பெயர் வந்துவிடும் என்று பயந்தேன். முதலாளி ஒருவர் தொழிலாளி பணத்தைக் கட்டவில்லை என்று நானே எழுதினால் அடுத்த கேட் மீட்டிங்கில் அதை மைக்கில் படிப்பார்கள், நாற்பது பத்தியில் கட்டியதை ஒரே பத்தியில் எதிராளி கையில் கொடுத்துவிடுவோம் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் இந்தப் பயத்துக்கு வேரும் உண்டு. 2009 செப்டம்பரில் இங்கே ஒரு ஆலையின் மனிதவள அதிகாரி தாக்கப்பட்டு இறந்தார். தொழில் நடத்துகிறவர்கள் இன்னும் அதை மறக்கவில்லை. எதிர்ப்பக்கத்துக்கு 1946இல் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் தொழிலாளர்கள் நால்வரின் நினைவு இருக்கிறது. இரண்டு பக்கமும் தங்கள் சாவுகளை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பயத்தில், என் பக்கத்து ஆள் செய்யும் தப்பைத் தப்பு என்று சொல்லும் நாக்கை நானே அடக்கிக்கொண்டேன்.

அடக்கியதோடு விடவில்லை. இல்லாததையும் சொன்னேன். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையைச் சங்கங்கள்தான் விரட்டின என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறேன். அந்த ஆலை 2014 நவம்பர் 1 அன்று மூடியதற்கு முக்கியக் காரணம் வரித் தகராறு. மென்பொருளுக்காகத் தாய் நிறுவனத்துக்குச் செலுத்திய தொகையில் வரி பிடிக்கவில்லை என்று வருமான வரித் துறை சுமார் 2,000 கோடி ரூபாய் கேட்டது, சொத்துகள் முடக்கப்பட்டன. கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலை அதில் சேராமல் தனியே நின்றது, ஆர்டரும் நின்றது. அரசின் வரிக் கெடுபிடியைப் பற்றி எழுத ஒரு வலதுசாரிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. சங்கத்தின் மேல் பழி போடும் ஆசையில் என் கட்சிக்கே சாதகமான உண்மையை விட்டுவிட்டேன்.

தொழிற்சங்கம் என்றாலே செங்கொடி என்று எழுதிவந்ததும் தப்பு. இந்தியாவின் முதல் முறையான சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் பெரம்பூரில் பிறந்தது. அதன் ஊற்று வெங்கடேச குணாமிர்த வர்ஷணி சபா என்ற பக்திச் சபை. செல்வபதி செட்டியாரும் ராமாநுஜுலு நாயுடுவும் அங்கே கூடிய பின்னி ஆலைத் தொழிலாளர்களின் குறையைக் கேட்டு, சங்கத்துக்குத் தலைமை தாங்க வாடியாவை அழைத்து வந்தார்கள். திரு.வி.க. உடன் நின்றார். சாப்பாட்டு நேரம் போதவில்லை என்பது அவர்கள் சொன்ன குறைகளில் ஒன்று. மார்க்ஸைப் படித்தவர்கள் அல்ல அவர்கள், பஜனைக்கு வந்தவர்கள். 1955இல் தத்தோபந்த் தெங்கடி தொடங்கிய பாரதிய மஸ்தூர் சங்கம் மே தினத்தை விட்டு விஸ்வகர்மா ஜெயந்தியைத் தொழிலாளர் தினமாகக் கொண்டாடுகிறது. அவர்களே தொழில் உறவுகள் தொகுப்பில் பல பிரிவுகளை எதிர்த்தார்கள். இதெல்லாம் எனக்குத் தெரிந்த வரலாறு. எழுதினால் என் பத்தியின் காரம் குறைந்துவிடும் என்று எழுதவில்லை.

தொழில் உறவுகள் தொகுப்பு உட்பட மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் நான் ஆதரித்தேன், இப்போதும் ஆதரிக்கிறேன். ஆட்குறைப்புக்கு அரசு அனுமதி கேட்கும் எல்லை 100 பேரிலிருந்து 300 ஆனது நல்லது. எல்லாருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம் என்பது அதைவிட நல்லது. ஆய்வாளர் வந்து மிரட்டிவிட்டுப் போகும் காலம் ஒழிய வேண்டும் என்று நான் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஆனால் ஆய்வாளர் வேண்டாம், எங்களை நம்புங்கள் என்று கேட்டவர்கள் நாங்கள். அவர் வராத ஆலையில் கணக்கைப் பார்ப்பவன் நான் ஒருவன்தான். நானும் சர்வர் என்று சொன்னால் அந்த மோல்டருக்கு யார் இருக்கிறார்கள்? செங்கொடிக்காரர் இருந்தார். அவரிடம் போனார்கள். அவர்களை அங்கே அனுப்பியதில் எனக்கும் பங்கு உண்டு.

வேலைநிறுத்தம் முடிந்தது. உரிமையாளர் ஒரு பகுதியைக் கட்டினார், மீதியைத் தவணையில் கட்டுவதாக எழுதிக் கொடுத்தார், சில மாதங்கள் இன்னும் பாக்கி. மோல்டர் 58 முடித்து வெளியே வந்துவிட்டார். சேவை பத்து ஆண்டு நிறையவில்லை என்று ஓய்வூதிய விண்ணப்பம் திரும்பியது. பி.எஃப். அலுவலக வாசலில் அவரைப் பார்த்தேன். அவர்தான் முதலில் கும்பிட்டார்.

"நீங்க எழுதுனதப் பையன் படிச்சுக் காமிச்சானுங் சார். நோட்டீஸ் குடுக்கலீன்னு எழுதியிருந்தீங்க. பாஸ்புக்கப் பத்தி எழுதலீங்களே?"

நின்ற இடத்திலேயே உண்மையைச் சொன்னேன். சர்வரில் ஒன்றும் இல்லை, பணம் கட்டவில்லை, அது எனக்கு அன்றைக்கே தெரியும் என்றேன். அவர் திட்டவில்லை. "அன்னைக்கே சொல்லியிருந்தா நான் இங்க வந்திருப்பனுங்க" என்றார். சரியாக அதைத் தடுக்கத்தான் நான் பொய் சொன்னேன் என்பதையும் அவரிடம் சொன்னேன்.

2024 அக்டோபர் இதழில் வந்த என் பத்தியில், உள்ளூர் வேலைநிறுத்தத்தைச் சட்டவிரோதம் என்று சொன்ன பகுதியைத் திரும்பப் பெறுகிறேன். நோக்கியாவைப் பற்றி எழுதியதையும் திரும்பப் பெறுகிறேன். கேட்டை மறிப்பது தப்பு, வெளியாள் தலைமை வேண்டாம் என்று எழுதியவை என் கருத்துகள், அவை அப்படியே இருக்கட்டும். ஆசிரியரிடம் இந்த ஒப்புதலைப் பத்தி வரும் அதே பக்கத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். அந்த ஆலையின் கணக்கை விட்டுவிட்டேன். பாக்கி மாதங்களைக் கட்டவைத்துச் சேவையில் சேர்க்கக் கோரும் மனுவை மோல்டருக்காக எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு மாதத்துக்கும் நான் எடுத்த சலானின் விவரம் அதில் இணைப்பாக இருக்கிறது, சாட்சி என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. பி.எஃப். ஆணையர் பாக்கியை நிர்ணயிக்கும் 7ஏ விசாரணைக்கு அழைத்தால் போய், எந்தெந்த மாதம் பிடித்தார்கள், எந்தெந்த மாதம் கட்டவில்லை என்று சொல்வேன். மனு நிலுவையில் இருக்கிறது.